ரேட்டைக் கடைசியில் பாருங்கள்: இன்விடேஷன் கப் வாரக்கடைசிக்கு வெல்லும் குதிரையைத் தேடும் முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியிலும் கடலூரிலும் ரேஸ் கோர்ஸ் கிடையாது. நமக்கு ரேஸ் என்பது செய்தித்தாளும் செல்போனும்தான். அதில் ஒரு வசதியும் உண்டு. கூட்டத்தின் இரைச்சல் இல்லாமல், வீட்டு மேஜையில் உட்கார்ந்து நிதானமாக வேலை பார்க்கலாம்.

பல ஊர்க் குதிரைகள் பெரிய கோப்பைகளுக்கு மோதும் இன்விடேஷன் கப் வாரக்கடைசி வழக்கமாக மார்ச் தொடக்கத்தை ஒட்டி வரும். முத்தியால்பேட்டை டீக்கடையில் அந்த வாரம் புதிதாக வந்து உட்காரும் பையன்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். "அண்ணே, மூணாம் நம்பர் உறுதியாம்" என்று ஆரம்பித்துவிட்டு, மூன்றாம் நம்பர் ஏன் ஜெயிக்கும் என்பதற்குக் காரணம் தேட அப்புறம்தான் ரேஸ் புத்தகத்தைத் திறக்கிறார்கள். தேடினால் எந்தக் குதிரைக்கும் காரணம் கிடைக்கும். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் இதில் பாதி வீண்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ரேஸை நடத்தும் கிளப்பின் இணையதளத்தில் ரேஸ் கார்டு, அதாவது ஓடும் குதிரைகளின் விவரப் பட்டியல், வரும். அதை ஜெராக்ஸ் கடையில் காகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் திரையில் ஒரு நேரத்துக்கு ஒரு குதிரைதான் தெரியும். இந்த வேலையோ பத்துக் குதிரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது.

கூடவே மூன்று விஷயங்கள் வேண்டும்: பழைய ரேஸ்களின் வீடியோ, அந்த ரேஸ்களுக்கான ஸ்டூவர்ட்ஸ் ரிப்போர்ட் (ரேஸைக் கண்காணிக்கும் அதிகாரிகளின் அறிக்கை), ஆங்கில நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் வரும் காலைப் பயிற்சி நேரங்கள். வீடியோவும் ரிப்போர்ட்டும் கிளப் இணையதளங்களிலேயே கிடைக்கும்.

இறுதி டிக்ளரேஷன், அதாவது எவை ஓடும் என்ற கடைசிப் பட்டியல், வருவதற்கு முன் உட்காராதீர்கள். முதலில் வரும் என்ட்ரி பட்டியலில் இருக்கும் பல குதிரைகள் கடைசியில் ஓடாது. ஜாக்கி யார், ஸ்டார்ட்டிங் கேட்டில் எந்த இடம் என்பதெல்லாம் டிக்ளரேஷனில்தான் முடிவாகும். அதற்கு முன் போடும் கணக்கைத் திரும்பவும் போட வேண்டியிருக்கும்.

2. எந்த ரேஸை விடுவது என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு நாளில் வரும் எல்லா ரேஸையும் அலச யாராலும் முடியாது. நான்கோ ஐந்தோ எடுத்துக்கொண்டால் போதும்.

வாரக்கடைசியின் தூண்கள் நான்கு ரேஸ்கள்: 1200 மீட்டர் ஸ்பிரின்டர்ஸ் கப், 1600 மீட்டர் சூப்பர் மைல் கப், 2400 மீட்டர் இன்விடேஷன் கப், 3000 மீட்டர் ஸ்டேயர்ஸ் கப். மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, சென்னை மையங்களின் தேர்ந்த குதிரைகள் இவற்றில் மோதும். நடத்தும் ஊர் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

முதல் முறை ஓடும் குட்டிகள் நிறைந்த ரேஸை விட்டுவிடுங்கள். அங்கே படிக்க எதுவும் இல்லை, தெரிந்தவன் லாயத்துக்குள் இருப்பவன் மட்டும்தான். கடைசி கிளாஸ் குதிரைகள் பெரிய கூட்டமாக ஓடும் ரேஸும் அப்படித்தான். அவை ஒரு நாள் போல மறுநாள் ஓடுவதில்லை.

ஐந்து ரேஸிலும் வெல்லும் குதிரையைச் சரியாகச் சொல்ல வேண்டிய பந்தயம் ஜாக்பாட்; அதற்கு ஐந்து ரேஸும் வேண்டுமே என்பார்கள். அந்த ஆசைதான் புதியவர்களைத் தெரியாத ரேஸுக்குள் இழுத்துவிடுகிறது.

3. ரேஸின் நிபந்தனையைப் படியுங்கள்

குதிரையின் பெயரைப் பார்க்கும் முன் ரேஸ் தலைப்பின் கீழே உள்ள இரண்டு வரியைப் படியுங்கள். ஹேண்டிகேப் ரேஸா, டெர்ம்ஸ் ரேஸா என்பது அங்கே இருக்கும்.

ஹேண்டிகேப்பில் திறமையான குதிரைக்கு அதிக எடை, சுமாரானதற்குக் குறைந்த எடை. குதிரையின் திறமைக்குக் கொடுக்கும் மதிப்பெண்தான் ரேட்டிங்; நம் நாட்டில் ஒரு ரேட்டிங் புள்ளிக்கு அரை கிலோ. 64 ரேட்டிங் குதிரை 44 ரேட்டிங் குதிரையைவிடப் பத்து கிலோ கூடுதலாகச் சுமக்கும். எல்லாவற்றையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். ஆகவே இங்கே கேள்வி "எது சிறந்த குதிரை?" என்பதல்ல, "எதற்குக் கொடுத்த எடை அதன் இன்றைய திறமைக்குக் குறைவு?" என்பது.

பெரிய கோப்பைகள் டெர்ம்ஸ் ரேஸ். வயது, ஆண் பெண் வித்தியாசத்துக்கு மட்டும் எடையில் சலுகை. பெண் குதிரைக்குப் பொதுவாக ஒன்றரை கிலோ குறைவு. இங்கே சிறந்த குதிரைக்குச் சுமை கூடாது, அதனால் அது ஜெயிக்கும் வாய்ப்பு ஹேண்டிகேப்பைவிட அதிகம். சனிக்கிழமை ஹேண்டிகேப்பில் "டாப் வெயிட் குதிரை வேண்டாம்" என்று கற்றுக்கொண்டவர், ஞாயிற்றுக்கிழமைக் கோப்பையிலும் அதே பாடத்தோடு போய் நல்ல குதிரையைத் தள்ளிவிடுவார்.

4. எந்த ஊர்க் குதிரை, எங்கே ஓடியது?

கார்டில் ஒவ்வொரு குதிரைக்கும் பக்கத்தில் அதன் மையத்தை ஒரு எழுத்தால் குறித்துக்கொள்ளுங்கள். மும்பைக் குதிரை நவம்பர் முதல் அந்த ஊரின் மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் ஓடியிருக்கும், அதற்கு முன் மழைக்காலம் முழுக்கப் புனேயில். பெங்களூருக் குதிரை குளிர்காலப் பருவத்திலிருந்து வரும். பிப்ரவரித் தொடக்கத்தில் நடக்கும் இந்தியன் டெர்பி, சென்னையின் தென்னிந்திய டெர்பி, கொல்கத்தா டெர்பி, ஹைதராபாத்தின் கோல்கொண்டா டெர்பி என்று பலவும் இன்விடேஷன் கப்புக்கான வழிதான்.

ஒரு ஊர் நேரத்தை இன்னொரு ஊர் நேரத்தோடு நேரடியாக ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். பெங்களூரு டிராக்கில் ஏற்றமும் இறக்கமும் உண்டு, மகாலட்சுமி ஏறக்குறையச் சமதளம். மும்பையில் 1600 மீட்டரை ஒரு வினாடி வேகமாக ஓடிய குதிரை பெங்களூருக் குதிரையைவிட மேல் என்று சொல்ல அந்த ஒரு வினாடி போதாது.

பிறகு எப்படி ஒப்பிடுவது? பொது எதிரியைத் தேடுங்கள். இரண்டு ஊர்க் குதிரைகளும் முன்பு எப்போதாவது ஒரே மூன்றாவது குதிரையோடு ஓடியிருக்கலாம். நடத்தும் ஊரின் டிராக்கில் ஏற்கெனவே ஓடிய வெளியூர்க் குதிரைக்கு ஒரு சிறு நட்சத்திரம் போடுங்கள். லாரிப் பயணம், புது லாயம், புதுத் தண்ணீர் எல்லாவற்றையும் அது ஒருமுறை தாண்டியிருக்கிறது.

5. கடைசி மூன்று ஓட்டங்களை வீடியோவில் பாருங்கள்

நேரம் அதிகம் போக வேண்டிய இடம் இதுதான். பலரும் தாண்டிப்போகும் இடமும் இதுதான்.

கார்டில் "4" என்று இருந்தால் நான்காவதாக வந்தது என்று மட்டும்தான் தெரியும். எப்படி நான்காவது ஆனது? கடைசி வளைவில் வெளிப்பக்கம் தள்ளப்பட்டதா? நேர் ஓட்டத்தில் முன்னால் இரண்டு குதிரைகள் சுவர் போல நிற்க, ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப்பிடித்து வழி தேடினாரா? ஸ்டார்ட்டில் தாமதமாகக் கிளம்பியதா? இவற்றில் ஒன்று நடந்திருந்தால் அந்த "4" உண்மையில் "2" ஆக இருக்கலாம்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். ஜெயித்த குதிரை உள் வரிசையில் ஒட்டியபடி யாரும் தொந்தரவு செய்யாமல் ஓடி, அரை லெங்த்தில் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) தப்பியிருந்தால் அந்த "1" பளபளப்பாகத் தெரிந்தாலும் கனம் குறைவு.

ஒவ்வொரு ரேஸையும் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். முதல் முறை முழு ரேஸும். இரண்டாம் முறை உங்கள் குதிரையை மட்டும், ஸ்டார்ட் முதல் கோடு வரை கண்ணை எடுக்காமல். முதல் முறையில் கண் தானாக முன்னால் ஓடும் குதிரைக்குப் போய்விடும், பின்னால் நடந்ததைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

கோட்டைத் தாண்டிய பிறகும் வீடியோவை நிறுத்த வேண்டாம். கோட்டுக்குப் பின் இருநூறு மீட்டரில் எந்தக் குதிரை மற்றவற்றைத் தாண்டிப் போகிறது என்று பாருங்கள். இன்னும் நீண்ட தூரம் அதற்குப் பிடிக்கும் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

ஸ்டூவர்ட்ஸ் ரிப்போர்ட்டையும் அப்போதே படித்துவிடுங்கள். மூக்கில் ரத்தம் கசிந்தது, லாடம் கழன்றது, கால் நொண்டியது என்றெல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். லாடம் கழன்று தோற்ற ஓட்டத்தை மன்னித்துவிடலாம். ரத்தம் கசிந்த குதிரை இடைவெளிக்குப் பின் திரும்பி வந்தால் முதல் ஓட்டத்தில் நான் தொடுவதில்லை.

6. எடைக் கணக்கு

குத்துமதிப்பான கணக்கு ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. 1200 மீட்டரில் சுமார் 1.1 கிலோ ஒரு லெங்த்துக்குச் சமம். 1600 மீட்டரில் சுமார் 0.9 கிலோ, 2400 மீட்டரில் சுமார் 0.7 கிலோ. தூரம் கூடக்கூட ஒவ்வொரு கிலோவும் அதிகம் இழுக்கும்.

ஒரு உதாரணம். 1600 மீட்டரில் முதல் குதிரை 54 கிலோவோடு ஓடி, 57 கிலோ சுமந்த இரண்டாம் குதிரையை இரண்டு லெங்த்தில் ஜெயித்தது. இப்போது சூப்பர் மைலில் இரண்டுக்கும் 57. முதல் குதிரைக்கு மூன்று கிலோ ஏறிவிட்டது. மூன்றை 0.9-ஆல் வகுத்தால் சுமார் 3.3 லெங்த். இரண்டு லெங்த் முன்னால் இருந்தது, காகிதத்தில் இப்போது 1.3 லெங்த் பின்னால்.

இந்தக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. அன்று ஜெயித்த ஜாக்கி கடைசி நூறு மீட்டரில் கையைத் தளர்த்தியிருந்தால், அந்த இரண்டு லெங்த் உண்மையில் நாலாக இருந்திருக்கும். வீடியோ பார்த்த பிறகே கணக்குக்கு வரச் சொல்வது இதனால்தான்.

7. யார் முன்னால் ஓடுவார்?

ஒரு காகிதத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: முன்னால் ஓடுபவை, இரண்டாம் வரிசையில் ஒட்டி ஓடுபவை, பின்னாலிருந்து வருபவை. வீடியோவில் பார்த்ததை வைத்து எல்லாக் குதிரை எண்ணையும் ஒவ்வொரு கட்டத்தில் எழுதுங்கள்.

ஸ்பிரின்டர்ஸ் கப்பில் மூன்று குதிரைகள் முதல் கட்டத்தில் விழுந்தன என்று வைப்போம். ஒன்று 2-ஆம் கேட், மற்ற இரண்டும் 8, 9. வெளியே உள்ள இரண்டும் வளைவுக்கு முன் உள்ளே வந்தாக வேண்டும், 2-ஆம் கேட்காரர் இடம் விட மாட்டார். முதல் 400 மீட்டரிலேயே மூன்றும் ஒன்றை ஒன்று தீர்த்துவிடும். அப்போது இரண்டாம் வரிசைக் குதிரைக்கு மதிப்பு கூடும். முதல் கட்டத்தில் ஒரே எண்தான் என்றால் நிலைமை தலைகீழ். அந்தக் குதிரை தன் இஷ்டத்துக்கு மூச்சு வாங்கி ஓடும், பிடிப்பது கஷ்டம்.

தூரம் கூடும்போது இன்னொரு வேடிக்கை. 3000 மீட்டர் என்றால் மூச்சுதான் முக்கியம் என்று எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் முன்னால் இழுக்க யாரும் இல்லாத ஸ்டேயர்ஸ் கப்பில் முதல் 2000 மீட்டரைச் சவாரி போல ஓட்டிவிட்டு, கடைசி 600 மீட்டரில்தான் உண்மையான ரேஸ் தொடங்கும். அப்போது வேண்டியது மூச்சைவிடப் பாய்ச்சல். நீண்ட தூரத்தில் மெதுவாகத் தேய்த்து ஜெயித்த குதிரை, இப்படிப்பட்ட ரேஸில் ஒரு மைல் குதிரையின் பாய்ச்சலுக்கு முன் நின்றுவிடும்.

எனக்குத் தெரிந்து அதிகம் பலன் தரும் படி இதுதான்.

8. காலைப் பயிற்சி நேரங்களை வகுத்துப் படியுங்கள்

நாளிதழில் "1000 மீட்டர் 1-4, 600/40" என்று ஒரு குதிரைக்கும், "1000 மீட்டர் 1-6, 600/39" என்று இன்னொன்றுக்கும் வந்திருக்கிறது. 1-4 என்றால் மொத்தம் ஒரு நிமிடம் 4 வினாடி, 600/40 என்றால் கடைசி 600 மீட்டருக்கு 40 வினாடி. புதியவர் முதலாவதை வட்டமிடுவார், இரண்டு வினாடி வேகம் என்று.

வகுத்துப் பாருங்கள். முதலாவது தொடக்க 400 மீட்டரை 24 வினாடியில் ஓடிவிட்டு, கடைசி 600-ஐ 40-இல் முடித்திருக்கிறது. வேகம் இறங்கியிருக்கிறது. இரண்டாவது 400 மீட்டரை 27-இல் நிதானமாக ஓடி, கடைசி 600-ஐ 39-இல் முடித்திருக்கிறது. ஓட ஓட வேகம் ஏறியிருக்கிறது. எனக்கு இரண்டாவது.

உள் மணல் டிராக்கா, வெளி மணல் டிராக்கா என்றும் பாருங்கள், நேரம் மாறும். மேலே இருந்தது ஜாக்கியா, பயிற்சிப் பையனா என்றும் பாருங்கள். "அழகாக ஓடியது" என்று எழுதுவது வாரந்தோறும் பாதிக் குதிரைகளுக்கு வரும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். வெளியூர்க் குதிரைக்கு இந்தப் பத்தி இன்னும் முக்கியம். வந்த இடத்தில் ஒரு நல்ல பயிற்சி போட்டிருந்தால் பயணக் களைப்பு தீர்ந்தது என்று எடுக்கலாம்.

9. ஜாக்கியும் கருவிகளும்

இதற்குச் சில நிமிடம் போதும். ஒரே டிரெய்னரின் இரண்டு குதிரை ஓடினால், அந்த லாயத்தின் முதல் ஜாக்கி எதில் ஏறுகிறார் என்று பாருங்கள். முதல் முறையாக பிளிங்கர் (கண்ணின் பக்கவாட்டை மறைக்கும் மூடி) கட்டினால் குறித்துக்கொள்ளுங்கள், கவனம் சிதறும் குதிரைக்கு அது வேகம் தரும். பயிற்சி ஜாக்கிக்கு ஹேண்டிகேப்பில் கிடைக்கும் எடைச் சலுகையை 6-ஆம் படிக் கணக்கில் கழித்துவிடுங்கள். இதைப் பலர் மறக்கிறார்கள்.

10. உங்கள் சதவீதம் முதலில், ரேட் அப்புறம்

இப்போது ஒவ்வொரு ரேஸிலும் மூன்று, நான்கு குதிரைகள் மிஞ்சியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஜெயிக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். மற்றவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு எண். மொத்தம் 100 வர வேண்டும். பேனாவில் எழுதுங்கள், ரேட் பார்த்த பிறகு அழிக்கக் கை துறுதுறுக்கும்.

அப்புறம் ரேட்டைப் பாருங்கள், அதாவது பந்தயம் வாங்கும் புக்மேக்கர் தரும் விகிதத்தை; 2/1 என்றால் ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் லாபம். அதைச் சதவீதமாக்க, ரேட்டின் முதல் எண்ணோடு ஒன்றைக் கூட்டி 100-ஐ அதால் வகுக்க வேண்டும். 2/1 என்றால் 33.3, 3/1 என்றால் 25, 4/1 என்றால் 20, 5/1 என்றால் 16.7, 8/1 என்றால் 11.1, 10/1 என்றால் 9.1. ஆறு குதிரை ஓடும் ரேஸில் ரேட் இதே வரிசையில் இருந்தால் மொத்தம் 115 சதவீதத்தைத் தாண்டும். நூறுக்கு மேலே உள்ள அந்தப் பதினைந்துதான் புக்மேக்கரின் பங்கு.

நீங்கள் 25 எழுதிய குதிரை 5/1-இல் நின்றால் கவனிக்க வேண்டியது அது. நீங்கள் 35 எழுதிய பேவரிட் (எல்லாரும் எதிர்பார்க்கும் குதிரை) சமன் ரேட்டில், அதாவது 50 சதவீதத்தில் நின்றால், அது ஜெயிக்கலாம். ஆனால் அந்த விலைக்கு வேண்டாம்.

டெலிகிராமில் "சுயர் ஷாட்" விற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டுக் குதிரை ஓடும் ரேஸில் எட்டுக் குழுவுக்கு எட்டுப் பெயரை அனுப்பினால் ஏதோ ஒரு குழு அவரை மேதை என்று கொண்டாடும். அடுத்த வாரக் கட்டணம் அந்தக் குழுவிடம் வசூலாகும்.

11. ரேஸ் அன்று

காலையில் முதலில் வாபஸ் பட்டியல். முன்னால் ஓடும் மூன்றில் ஒன்று விலகினால் 7-ஆம் படியைத் திரும்பப் போட வேண்டும். பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது தவறு, ரேஸின் ஓட்டமே மாறியிருக்கும்.

அடுத்தது தரை. கிளப் வெளியிடும் பெனட்ரோமீட்டர் எண் கூடினால் தரை இளகியிருக்கிறது என்று பொருள். இளகிய தரையில் ஓடிய அனுபவம் யாருக்கு என்று வீடியோக் குறிப்பில் தேடுங்கள்.

ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடக் காட்சியை நேரலையில் காட்டினால் பாருங்கள். சென்னையில் நடந்தால் மார்ச் புழுக்கத்துக்கு எல்லாக் குதிரையும்தான் வியர்க்கும். வியர்வையைப் பார்த்து மிரள வேண்டாம். மற்றவை சாதாரணமாக இருக்கும்போது ஒன்று மட்டும் கழுத்திலும் பின்னங்கால் இடுக்கிலும் வெள்ளையாக நுரைத்து, பக்கவாட்டில் துள்ளினால் அது ரேஸுக்கு முன்பே சக்தியைச் செலவழிக்கிறது.

12. பணம்

இதையெல்லாம் பணம் கட்டாமலே செய்யலாம், முதல் பருவம் முழுக்கக் காகிதத்திலேயே செய்யச் சொல்வேன். ரேஸ் கிளப்பே பந்தயம் வாங்கும் டோட்டையும், வளாகத்துக்குள் லைசன்ஸ் பெற்ற புக்மேக்கரையும் விட்டு, தெருமுனை ஆளிடமோ வாட்ஸ்அப் எண்ணிலோ பணம் கட்டுவது சட்டத்துக்கு வெளியே. ஜெயித்தால் பணம் வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

பந்தயத் தொகைக்கு முன்பு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 40. அதன் மேல், 10,000 ரூபாயைத் தாண்டிய வெற்றித் தொகையில் 30 சதவீதம் வருமான வரி பிடித்தம். 10-ஆம் படியில் உங்கள் சதவீதத்துக்கும் ரேட்டுக்கும் உள்ள இடைவெளி சிறிதாக இருந்தால் வரியே அதைத் தின்றுவிடும். வீட்டு வாடகையையும் பிள்ளைகள் ஃபீஸையும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள். விட்ட பணத்தை அடுத்த ரேஸிலேயே பிடிக்கத் தோன்றினால் அன்றைக்குக் கார்டை மூடிவிடுங்கள்.

13. ஞாயிறு இரவு

எந்தக் குதிரை ஜெயித்தது என்பதை எழுதாதீர்கள், அது இணையத்திலேயே இருக்கும். நீங்கள் எழுதிய காரணம் சரியாக வந்ததா என்று ஒவ்வொரு ரேஸுக்கும் ஒரு வரி எழுதுங்கள். முன்னால் மூன்று மோதும் என்றீர்கள், மோதினவா? மோதியும் உங்கள் குதிரை தோற்றால் படி 7 சரி, படி 5-இல் ஏதோ விட்டிருக்கிறது. மோதாமல் உங்கள் குதிரை ஜெயித்தால் அது அதிர்ஷ்டம், சதவீதத்தை ஏற்ற வேண்டாம்.

கூடவே, வழி கிடைக்காமல் அடைபட்ட குதிரைகளின் பெயரைத் தனியாக ஒரு பக்கத்தில் குறியுங்கள். அவற்றில் சில மே மாதம் தொடங்கும் பெங்களூரு கோடைப் பருவத்தில் திரும்ப வரும். அதற்குள் அந்த வீடியோவை மற்றவர்கள் மறந்திருப்பார்கள், ரேட்டும் அதற்கேற்ப இருக்கும்.